தாடி வைத்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 7, புதன்

இன்று கடையில் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றிக் காட்டும்படி ஆகிவிட்டது.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் வாய்தான். போன மாசி பங்குனியில் நான் விட்டு விட்டு ஆறு வாரம் துணை நடிகனாகப் போய்வந்த சரித்திரப் படத்தின் டிரைலர் வந்திருக்கிறது. பொங்கலுக்குப் படம். மத்தியானம் பைப் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனை மேசையில் சாய்த்து வைத்தேன். முதலாளி, பில் போடும் அக்கா, வளைவுக்குப் போடும் அரை இஞ்ச் எல்போ வாங்க வந்த பிளம்பர், எல்லோரையும் கூப்பிட்டு ஓரிடத்தில் படத்தை நிறுத்தி, மூன்றாவது வரிசையில் ஈட்டியோடு ஓடுவது நான்தான் என்றேன். முகம் தெரியவில்லை. முதுகுதான். ஆனாலும் என் முதுகு எனக்குத் தெரியாதா?

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த ஆளு முதுகுல பெரிய வடு ஒண்ணு இருக்கே. ஒனக்கு இருக்கா அடைக்கலம்?" என்றார். இருக்கிறதே என்று சொல்லித் தொலைத்தேன். காட்டு என்றார். காட்டினேன். என் முதுகில் தேமல் மட்டும்தான் இருந்தது. பில் அக்கா அதற்கு ஒரு களிம்புப் பெயர் சொன்னார். நான் இருந்த கலக்கத்தில் பிளம்பருக்கு எல்போவுக்குப் பதிலாக மூன்று வாய் டீ ஜாயிண்டைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். பாதி வழி போனவர் திரும்பி வந்து, "படைத்தளபதி, எல்போ எங்க?" என்றார்.

ஆறு வாரம் பொட்டல் வெயிலில் ஓடியதற்கு ஒரு முதுகுகூட எனக்கென்று கிடைக்கவில்லை. நல்லதுதான் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது.

ஜனவரி 8, வியாழன்

ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு டோக்கன் வாங்க ஒன்றரை மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தால் மைத்துனன் திருமுருகன் உட்கார்ந்திருக்கிறான். காணும் பொங்கலன்று, பதினேழாம் தேதி, மத்தியானக் காட்சிக்கு எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டானாம். என் மகள் இலக்கியா நின்ற இடத்திலேயே குதித்தாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அப்பா ராஜா படையில் இருக்கிறார் என்று வகுப்பு முழுக்க ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

தமயந்தி மட்டும் போனை வாங்கிப் போஸ்டரின் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "யு/ஏ பதிமூணுன்னு போட்டிருக்கே. இவளுக்கு ஏழுதான?"

அதெல்லாம் சும்மா என்றான் திருமுருகன். கூட்டிப் போவதும் போகாததும் பெற்றவர்கள் முடிவு, தடை ஒன்றும் கிடையாது. "போன ஆடியில கோயில்ல கெடா வெட்டுனப்ப இவ எங்க நின்னா? மச்சான் தோள்ல உக்காந்து மொத ஆளாப் பாத்தா. ராத்திரி கறியும் தின்னா. சினிமா ரத்தம் இவள என்ன செய்யப்போவுது?"

தமயந்தி போனைத் திருப்பிக் கொடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன். "நடிச்சவரு நீங்க. என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அரசாங்கம் பெற்றோரிடம் விட்டுவிட்டது. பெற்றோரில் ஒருத்தி இன்னொருத்தனிடம் விட்டுவிட்டாள். அந்த இன்னொருத்தன் பன்னிரண்டாவதில் கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலானவன். முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று தவணை வாங்கினேன்.

ஜனவரி 9, வெள்ளி

இந்த டைரி பைப் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. வருஷா வருஷம் பொங்கலோடு எழுதுவது நின்றுவிடும். இந்தத் தடவை நிற்காது போலிருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும், ஆட்கள் சரியில்லை.

நான் படத்துக்குப் போனது தாடியால். முந்தின வருஷம் மழைக்காலத்தில் இலக்கியாவுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் என்னவோ தட்டை அணு இறங்கிக்கொண்டே போய், பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அப்போது விராலிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தால் பங்குனி உத்திரம் வரைக்கும் முடியில் கத்தி படாது, அன்றைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று. பிழைத்தாள். தாடி வளர்ந்தது. டீக்கடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் என் முகவாயைத் தூக்கிப் பார்த்து, ஒட்டுத்தாடி செலவு மிச்சம் என்று என் பெயரை எழுதிக்கொண்டார்.

முதல் நாலு நாள் ராஜா படையில்தான் நின்றேன். இது சத்தியம். தினமும் சாயங்காலம் வந்து மகளிடம் கேடயம், யானை, தீப்பந்தம் என்று அளந்ததும் அந்த நாலு நாள் கதைதான். ஐந்தாம் நாள் காலை உதவி இயக்குநர் பெண் ஒருத்தி சுண்ணாம்புப் பொடியால் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். மீசை மட்டும் வைத்தவர்கள் இந்தப் பக்கம், தாடி வைத்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் எதிரிப் படை. ஒரு நொடியில் என் நாடு மாறிவிட்டது.

அப்புறம் பங்குனி உத்திரம் வந்தது. மொட்டை போட வேண்டும் என்று கேட்டேன். கண்டினியூட்டி போய்விடும், முன்னால் எடுத்ததோடு முகம் ஒட்டாது, முடியில் கை வைக்கக் கூடாது என்றார்கள். வைகாசி விசாகத்துக்குத்தான் போட்டேன். முருகனுக்கு எழுதிக் கொடுத்த முடியை இடையில் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பக்கம் மாறியதை வீட்டில் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். மறக்கவில்லை.

ஜனவரி 10, சனி

இலக்கியா படம் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். ராஜா, பக்கத்தில் ராஜாவைவிட உயரமாக நான், இரண்டு பேர் கையிலும் கத்தி. எனக்குத் தாடியைக் கறுப்புக் கிரயானால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்துவிட்டது. கீழே 'நல்ல படை' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாள்.

"அப்பா, நீங்க படத்துல செத்துப்போவீங்களா?" என்று கேட்டாள். சாக மாட்டேன் என்றேன். "சத்தியமா?" என்றாள். எனக்குத் தெரிந்து யாரும் என்னை வெட்டியதாகப் படம் பிடிக்கவில்லை. தைரியமாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பந்து எங்கள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது, "மாமா, கையிலயே தாங்க மாமா" என்றது. பந்தைக் கீழே போட்டுவிட்டேன். ஏன் என்று எழுதப் போவதில்லை.

ஜனவரி 12, திங்கள்

வெள்ளையடித்தேன். என் மேல் பாதி, சுவர் மேல் பாதி.

ஜனவரி 13, செவ்வாய்

தமயந்தி பரணில் இருந்து பொங்கல் பானையை இறக்கச் சொன்னாள். கை நீட்டும்போது வலது மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் வடுவைப் பார்த்து, "இன்னும் மாறலையே" என்றாள். பைப் மரை வெட்டினால் அப்படித்தான், துருப்பிடித்த இரும்பு என்றேன். பானையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. படம் ரிலீஸ். நாளைக்குக் காலைக் காட்சிக்குப் போகிறேன்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

பார்த்துவிட்டேன்.

தாடி இல்லாததால் தியேட்டரில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. முதல் பாதியில் நான் எங்குமே இல்லை. தூசிதான் இருந்தது. அந்தத் தூசிக்குள் ஆறு வாரம் நான் இருந்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும். இந்த மட்டும் தப்பித்தோம், பிள்ளையைக் கூட்டிவந்து காதை மட்டும் பொத்தினால் போதும் என்று இடைவேளையில் பப்ஸ் வாங்கித் தின்றேன்.

இடைவேளை முடிந்து பத்தாவது நிமிஷம் ஊரை எரிக்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து ஆண், பெண், சின்னப் பிள்ளை மூன்று பேரையும் இழுத்து வருகிறார்கள். அப்பனைக் கொல்லும்போது பிள்ளை பார்க்க வேண்டும் என்று ஒருத்தன் அதன் கையைப் பிடித்து நிறுத்தி வைக்கிறான். அந்த ஒருத்தன் முகம் திரை முழுக்க வருகிறது. மூக்கின் மேல் இருக்கும் அம்மைத் தழும்புவரை தெரிகிறது. நாலு நாள் ராஜா படையில் எங்கே தேடியும் கிடைக்காத என் முகம் அங்கே நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஏழு விநாடி. பிள்ளை "அப்பா, அப்பா" என்று கத்துகிறது. அது அந்தப் பிள்ளையின் குரல் இல்லை. வேறு யாரையோ வைத்துப் பேசவைத்திருக்கிறார்கள்.

எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா, மடியில் இருந்த பையனின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். அந்தப் பையனுக்கு நாலு வயதிருக்கும். இதுக்கெல்லாம் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. வரத் தகுதியில்லாத கோபம்.

கடைசியில் கதாநாயகன் குதிரையில் வந்து என் தலையைச் சீவுகிறான். எனக்கே தெரியாமல் பொம்மைத் தலை செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு என்னைவிட எடுப்பான மூக்கு. தியேட்டரே விசில் அடித்தது. பக்கத்துச் சீட்டுக்காரர், "செத்தான்யா நாயி. பச்சப்புள்ளய அந்தப் புடி புடிச்சான்ல" என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இருந்த தலையை ஆட்டத்தானே வேண்டும்.

மகள் தலையில் அடித்த சத்தியம் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து, ரத்தம் ரொம்ப அதிகம், தலையெல்லாம் உருளுகிறது, பிள்ளைக்கு வேண்டாம் என்று தமயந்தியிடம் சொன்னேன். வாசலில் கோலத்துக்குச் செம்மண் கரை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ரத்தம்னா கண்ண மூடிக்கிருவா. வேற என்னங்க இருக்கு?"

வேறு ஒன்றுமில்லை என்றேன். எழுந்து, செம்மண் கையாலேயே என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"பைப் மரை இப்புடித்தான் மேல ஒரு வரிச, கீழ ஒரு வரிசன்னு வெட்டுமா?"

கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"பத்து மாசமா நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன். பெரிய ஆளு பல்லா இருந்திருந்தா அன்னைக்கே ஒங்கள வீட்ட விட்டு வெரட்டியிருப்பேன். சின்ன வாயி. அதான் பொறுத்தேன்."

சொன்னேன். காட்சியில் ஒரு பிள்ளையைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள், பிடித்தேன், நடிக்கிற வேகத்தில் கடித்துவிட்டது, எல்லோரும் கை தட்டினார்கள் என்று. அவ்வளவும் உண்மை. அன்றைக்கு எனக்குத் தனியாக முட்டையோடு பிரியாணி கொடுத்ததையும் சொன்னேன். அதுவும் உண்மை. சாப்பிட்டேன் என்பதும் உண்மை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

ஆறு இருக்கும் என்றேன்.

"நடிக்கிறதுக்கா இம்புட்டு ஆழமாக் கடிச்சுச்சு" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. பிறகு கையை விட்டுவிட்டு மிச்சச் செம்மண்ணைக் குழைக்கப் போய்விட்டாள். அவள் விரல் பட்ட இடம் சிவப்பாக இருந்தது. கழுவினேன், போய்விட்டது. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கையில் இருந்த சிவப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

இலக்கியாவிடம் படத்துக்குப் போகவில்லை என்று சொன்னேன். முதலில் அழவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தை மெதுவாகப் பிரித்து எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே, போனதும் என்ன சொல்வது என்றுதான் அழுகை. எனக்கும் அதே கவலைதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

புளியோதரை கட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போனோம். கூட்டம். குரங்கு ஒன்று புளியோதரையை எடுத்துக்கொண்டு போனது. இலக்கியா அதற்குச் சிரித்தாள். குரங்குக்கு நன்றி.

திருமுருகன் அவன் கூட்டாளிகளோடு படம் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குப் போன் செய்தான். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் தமயந்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "மச்சான், பின்னிட்டீங்க! அந்தப் புள்ளயப் புடிச்சிக்கிட்டு ஒரு மொற மொறச்சீங்க பாருங்க, எனக்கே ஒங்கள அடிக்கணும் போல இருந்துச்சு."

தமயந்தி போனை அணைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த இலக்கியா, "எந்தப் புள்ளப்பா?" என்று கேட்டாள். காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

ஜனவரி 19, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. நான் எதற்குப் பயந்தேனோ அது போனில் நடந்திருக்கிறது. திருமுருகன் தியேட்டரில் என் முகத்தைப் படம் பிடித்து, 'எங்க மச்சான்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். மூன்று வீட்டு அம்மாக்கள் பார்த்து, மூன்று பிள்ளைகளுக்குக் காட்டி, மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டாம் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. பிள்ளைக்குப் படம் காட்டலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்த புத்திசாலி, மைத்துனன் வாயை மூட ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"நீங்க ராஜா படையில இல்லையாமே."

"மொத நாலு நாளு இருந்தேன்டா."

"அப்பறம்?"

"தாடி இருந்துச்சுல்ல. அந்தப் பக்கம் போகச் சொல்லிட்டாங்க."

யோசித்தாள். தாடி எதற்காக வளர்த்தது என்று அவளுக்குத் தெரியும். விராலிமலைக்கு அவளும்தான் வந்து என் மொட்டைத் தலையில் சந்தனம் தடவினாள். "அப்ப என்னாலதான் நீங்க கெட்டவங்க ஆயிட்டீங்களா?" என்றாள்.

இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். தூக்கிக்கொண்டேன். கனமாகிவிட்டாள். தமயந்தி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்று ஒன்றை மறைக்கப் போய், அந்தப் பழியை அவளே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். ஏற்கெனவே அந்தத் தலையில்தான் சத்தியம் செய்திருக்கிறேன்.

"அந்தப் பாப்பா நெஜமாவே அழுதுச்சா?"

"நடிப்புடா. எல்லாம் நடிப்பு. முடிஞ்சதும் சாக்லேட் குடுத்தாங்க."

சாக்லேட் கொடுத்தது உண்மை. வாங்கிக்கொண்டதா என்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கடையில் முதலாளி படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். இந்த முறை சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. "முகம் நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றார், அவ்வளவுதான். பில் அக்கா பில்லை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பேத்தி இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் இலக்கியா நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி, கூடத்தின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். நேற்று நான் கோட்டைப் பற்றியும் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டப் போகிறாளாம். பிள்ளைகள் நம்மைவிடத் தேறியவர்கள். அவமானத்தை ஒரே நாளில் விளையாட்டாக்கி விடுகிறார்கள்.

"நீங்க அந்த ஆளு. நான் அந்தப் பாப்பா. புடிங்க."

வேலை இருக்கிறது என்றேன். கையை நீட்டிக்கொண்டே நின்றாள். டெங்குவில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தட்டித் தட்டிப் பார்த்த கை. இரண்டு விரலால் பிடித்தேன்.

"இறுக்கிப் புடிங்கப்பா."

கொஞ்சம் இறுக்கினேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கால்களை உதைத்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். நல்ல நடிகை. தமயந்தி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "விடுங்க, விடுங்க" என்றாள் இலக்கியா.

விட்டுவிட்டேன். சுட்டதுபோல விட்டேன். அவள் தடுமாறிக் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப்பா நீங்க. கேட்ட ஒடனே விட்டுட்டா எப்படி?" என்று கோபித்துக்கொண்டாள். பாவாடையில் ஒட்டிய சாக்பீஸைத் தட்டிக்கொண்டே, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். "அந்தப் பாப்பா விடுங்கன்னு கேக்கலையா?"

தமயந்தி போகாமல் அங்கேயே நின்றாள்.

அதற்கு வசனம் வேறு என்று சொன்னேன். கரண்டி உள்ளே போனது. இலக்கியா கோட்டை அழித்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

அந்தப் பிள்ளை கேட்டது. அன்று காலையில் வேப்பமரத்தடியில் என் தாடிக்குள் வேப்பங்காயை ஒளித்து வைத்து விளையாடிய பிள்ளை, அந்தப் பழக்கத்தில், "மாமா, நெசமாவே வலிக்குது மாமா" என்று என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது. மூன்று தடவை. நாலாவது தடவை கேட்காமல் கடித்தது. விடாதே என்று இயக்குநர் கத்தியதால்தான் விடவில்லை என்று பத்து மாதமாக எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கத்தியது அப்புறம். அதற்கு முன்னாலேயே, அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கேமரா என் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். என் முகம் படத்தில் விழுகிறது என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.